மொரிசியஸ் வீட்டுக் காரமிளகாய்: விதைப்பு முதல் மசாவாரு வரை

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது தமிழ்நாட்டு மழையைப் பார்த்துச் சொன்ன சொல். மொரிசியஸ் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆடி மாதம் தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். இங்கே அது ஆண்டின் மிகக் குளிரான வாரங்கள். ஆடியில் மேட்டு ஊர்களான க்யூர்பிப்பிலோ வாக்வாவிலோ மண்ணில் போட்ட மிளகாய் விதை மூன்று வாரம் அசையாமல் கிடந்து, அழுகிப் போகும். விதையைக் குறை சொல்லிப் பயனில்லை. மிளகாய் விதை முளைக்க மண் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை சூடாக இருக்க வேண்டும். 18 பாகைக்குக் கீழே அது தூங்கும்.

இந்தத் தீவில் மிளகாய்க்கு இரண்டு பட்டங்கள் சரியாக வரும். முதலாவது ஆவணி, அதாவது ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் வரை. போர்ட் லூயிஸ், த்ரியோலே, குட்லாண்ட்ஸ், ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் போன்ற தாழ்வான ஊர்களில் ஆவணி தொடக்கத்திலேயே விதைக்கலாம். ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் தூறலிலேயே நனைந்து கிடக்கும் க்யூர்பிப் பக்கத்தில் புரட்டாசி முடியும்வரை பொறுப்பது நல்லது. இரண்டாவது பட்டம் மாசி கடைசியும் பங்குனியும். இது கடலோரத்துக்கு மட்டும். பங்குனியில் விதைத்த செடி குளிர்காலத்தில் காய்க்கும். அப்போது மழை குறைவு, பழ அழுகல் குறைவு, புயலும் ஓய்ந்திருக்கும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டில் பங்குனிப் பட்டமே மேல். பலரும் ஆவணியை மட்டுமே நினைக்கிறார்கள். அந்தச் செடி காய்த்துக் குலுங்கும் நேரத்தில்தான் ஜனவரி, பிப்ரவரிப் புயல்கள் வருகின்றன.

எந்த மிளகாய்

பாசாரில் "ட்டி பிமா" என்று விற்கும் சின்ன மிளகாய்தான் வீட்டுக்கு முதல் தேர்வு. விரல் நகத்திலிருந்து இரண்டு விரற்கடை வரை நீளம். நிமிர்ந்து நின்று காய்க்கும். நல்ல காரம். ஒருமுறை வேர் பிடித்தால் இரண்டு மூன்று ஆண்டு நிற்கும். ரொட்ரிக்ஸ் தீவின் சின்ன மிளகாய்க்குத் தனிப் பெயர் உண்டு. அதன் பழுத்த காய் கிடைத்தால் விதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். "க்ரோ பிமா" எனும் நீள மிளகாய் காரம் குறைந்தது. பஜ்ஜிக்கும், உள்ளே பொருள் வைத்துச் சமைப்பதற்கும் ஏற்றது. சீக்கிரம் காய்க்கும், ஆனால் பூச்சிக்கும் அழுகலுக்கும் சீக்கிரம் இடம் கொடுக்கும்.

மூன்றாவது, பூசணி போல மடிப்பு விழுந்த அபனேரோ இனம். இதைத் தனியாக எச்சரிக்க வேண்டும். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவுகோலில் (வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியலாளர் 1912இல் வகுத்தது) பச்சை ஹலபேனோ மிளகாய் 2,500 முதல் 8,000 வரை வரும். அபனேரோ 1,00,000இல் தொடங்கி 3,50,000 வரை போகும். ஒரே பழத்தில் ஒரு பெரிய சட்டி குழம்பு முடிந்துவிடும். ஒரு செடி ஒரு குடும்பத்துக்கு அதிகம். அதற்கும் மேலே லட்சக்கணக்கில் எண் போடும் மிளகாய்களைச் சமையலுக்காக வளர்ப்பதில் பொருளில்லை. சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து விதைப் பொட்டலத்தைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவராதீர்கள். செடியும் விதையும் நாட்டுக்குள் வர முன்கூட்டியே அனுமதி வேண்டும். சின்னத் தீவு இது. ஒரு பொட்டல விதையோடு வரும் நோய் ஊரார் வயல் வரை போகும்.

விதையும் நாற்றும்

பாசாரில் வாங்கிய நன்றாகச் சிவந்த காயிலிருந்தே விதை எடுக்கலாம். பச்சைக் காயின் விதை முற்றியிருக்காது, முளைக்காது. விதையை வெதுவெதுப்பான நீரில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். தென்னைநார்க் கழிவும் சலித்த மக்கு உரமும் சமமாகக் கலந்து சின்னக் குவளைகளில் நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் குவளைக்கு இரண்டு விதை போடுங்கள். தோட்டத்து மண்ணை இந்தக் கட்டத்தில் சேர்க்காதீர்கள். அதில் இருக்கும் பூஞ்சைதான் முளைத்த நாற்றைத் தண்டடியில் நூல்போல இளைக்கவைத்துச் சாய்க்கிறது.

குவளைகளைச் சமையலறையில் குளிர்பெட்டியின் மேலோ, வெப்பம் தங்கும் வேறு இடத்திலோ வைக்கலாம். க்ரோ பிமா ஏழு முதல் பதினான்கு நாளில் தலைகாட்டும். ட்டி பிமாவுக்கு இரண்டு மூன்று வாரம். அபனேரோவுக்கு நான்கு வாரம் வரைகூட ஆகலாம். பொறுமையிழந்து கிளறிப் பார்த்தால் போச்சு. முளை மண்ணை விட்டு மேலே வந்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். ஒருநாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நீண்டு ஒடிந்துபோகும். நான்கு இலை விட்டதும் குவளைக்கு ஒன்று விட்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அறும்.

தொட்டி, மண்

மொரிசியஸில் மிளகாயை நிலத்தில் வைப்பதைவிடத் தொட்டியில் வைப்பதையே சொல்வோம். காரணம் இரண்டு: புயல் வந்தால் தூக்கி உள்ளே வைக்கலாம், மண்ணில் வாழும் பாக்டீரியா வாடல் நோயிலிருந்து தப்பலாம். ட்டி பிமாவுக்கு 12 முதல் 15 லிட்டர், அபனேரோவுக்கு 20 லிட்டர். பெயின்ட் வாளிதான் கிடைக்கிறது என்றால் நன்றாகக் கழுவி, அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஆறு துளை போடுங்கள். கறுப்பு வாளி மாடித்தளத்து வெயிலில் வேரை அவித்துவிடும். வெளியே வெள்ளை அடித்துவிடுங்கள்.

மண் கலவை: தோட்டத்துச் செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய உரம் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, உடைத்த கருங்கல் பருமணல் அரைப் பங்கு. எரிமலைக் கல்லிலிருந்து வந்த இந்தத் தீவின் செம்மண், மழை மிகுந்த மேட்டுப்பகுதியில் புளிப்பேறிக் கிடக்கும். மிளகாய்க்கு கார அமில நிலை 6 முதல் 6.8 வரை வேண்டும். அதனால் 20 லிட்டர் கலவைக்கு ஒரு மேசைக்கரண்டி தோட்டத்துச் சுண்ணாம்புத் தூள் சேர்த்து, இரண்டு வாரம் முன்பே நனைத்துப் போட்டுவையுங்கள்.

கடற்கரை மணலை எடுத்துக் கலக்காதீர்கள். அள்ளுவது சட்டப்படி குற்றம். அதோடு அது பவளப்பாறை பொடிந்த மணல்: உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது. அதில் வைத்த செடியின் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்புச் சத்து கரையாமல் பூட்டிக்கொள்வதால் வரும் நிலை அது.

சர்க்கரை ஆலைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கரும்புச் சக்கை சுலபமாகக் கிடைக்கும். அதைப் புதிதாக மண்ணுக்குள் கலக்கக் கூடாது; மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை அதுவே உண்டு தீர்க்கும், செடி வெளிறும். மேலே மூன்று விரற்கடை பரப்பி மூடாக்காகப் போடுங்கள். அதற்கு அதைவிட நல்ல பொருள் இந்த ஊரில் இல்லை.

வெயில் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம்

தமிழ்நாட்டுக் குறிப்புகளைப் படித்துத் தொட்டி வைப்பவர்கள் சறுக்கும் இடம் இது. அங்கே குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். இங்கே வடக்கே சாயும். ஆகவே வீட்டின் வடக்குச் சுவர்தான் சூடான சுவர். தெற்குப் பக்கம் மே முதல் ஆகஸ்ட் வரை நிழலிலேயே கிடக்கும். டிசம்பரில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடுவதால் அப்போது எந்தப் பக்கமும் ஒன்றுதான்.

காற்று தென்கிழக்கிலிருந்து ஆண்டு முழுக்க வீசுகிறது. குளிர்காலத்தில் இன்னும் வலுவாக. எனவே வடக்கு அல்லது வடமேற்கு திறந்திருந்து, தென்கிழக்கில் சுவரோ வேலியோ தடுக்கும் மூலையைத் தேடுங்கள். ஆறு மணி நேர நேரடி வெயில் போதும். கான்கிரீட் மாடித்தளத்தில் வைத்தால் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தளம் நண்பகலில் கால் வைக்க முடியாதபடி சுடும். அந்தச் சூடு நேரே வேருக்குப் போகும்.

நடவு, நீர், உரம்

நாற்று ஒரு சாண் உயரமாகி ஆறு முதல் எட்டு இலை விட்டதும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். அதற்கு முன் ஒரு வாரம் வெளியே பழக்குங்கள்: முதல் நாள் ஒரு மணி நேரக் காலை வெயில், பிறகு நாளுக்கு ஒரு மணி கூட்டி. தக்காளியைப் போலத் தண்டை ஆழமாகப் புதைக்க வேண்டியதில்லை. குவளையில் இருந்த மட்டத்திலேயே வையுங்கள். செடி 20 சென்டிமீட்டர் ஆனதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும். முதலில் வரும் நாலைந்து பூக்களையும் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் சின்னச் செடி காயைத் தாங்கினால் வளர்ச்சி அதோடு நின்றுவிடும்.

நீரில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். விரலை மூன்று சென்டிமீட்டர் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். நவம்பர், டிசம்பர் வெயிலில் காய்க்கும் செடியுள்ள 20 லிட்டர் தொட்டிக்கு நாளுக்கு ஒரு லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை பிடிக்கும். ஜூலையில் மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். காலையில், வேரடியில் ஊற்றுங்கள். இலை மேல் வேண்டாம். அக்டோபர், நவம்பரில் மழை குறைந்து குழாய்த் தண்ணீர் நேரம் பார்த்து வரும் ஊர்களில் மழைநீரைப் பீப்பாயில் பிடித்து, கொசு நுழையாத வலை கட்டி மூடி வையுங்கள். மிளகாய் வாடினால் பதறி இரண்டு மடங்கு ஊற்றுவது, பிறகு இரண்டு நாள் மறப்பது என்று மாறி மாறி நடந்தால் காயின் நுனி கறுத்துக் குழிந்து காகிதம்போல் ஆகும். அது நோய் அல்ல. நீர் ஒழுங்காகப் போகாததால் சுண்ணாம்புச் சத்து காய் நுனியை எட்டவில்லை. இதற்கு எப்சம் உப்பு போடச் சொல்வார்கள். அதிலிருப்பது மெக்னீசியம், அது சுண்ணாம்புச் சத்தோடு போட்டியிட்டு நிலைமையை மோசமாக்கும். நீரைச் சீராக்கினால் அடுத்த காய்கள் நன்றாக வரும்.

உரம் சிக்கனமாக. நட்ட மூன்றாம் வாரம் ஒரு பிடி மக்கு உரம். பூ தொடங்கியதும் சாம்பல்சத்து கூடின 13:13:20 போன்ற கலப்பு உரம் 20 லிட்டர் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி, தண்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளித் தூவி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. யூரியா வேண்டாம். கருகருவென்று இலை விட்டு இடுப்பளவு நிற்கும், ஒரு பூ இருக்காது.

பூ உதிர்கிறதே என்று கேட்பவர்கள் முதலில் வெப்பமானியைப் பாருங்கள். பகல் 33, 34 பாகையைத் தாண்டினாலும், இரவு 15 பாகைக்குக் கீழே போனாலும் பூ உதிரும். கடலோரத்தில் ஜனவரியிலும் மேட்டில் ஜூலையிலும் இது இயல்பு. நண்பகலுக்கு மட்டும் நிழல் வலை கட்டினால் கடலோரச் செடி தாங்கும். மூடின வராந்தாவில் வைத்திருந்தால், காலை பத்து மணிக்குச் செடியை மெல்லக் குலுக்கிவிடுங்கள். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், அசைவுதான் தேவை.

இலை சுருண்டால்

மிளகாய் வளர்ப்பவர் எல்லாருக்கும் ஒருநாள் இது வரும். அவசரப்பட்டு எதையாவது தெளிப்பதற்குள், இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள்.

ஓரங்கள் மேல்நோக்கிப் படகுபோல் மடிந்து, அடிப்பக்கம் வெள்ளிக் கீறல் தெரிந்தால் இலைப்பேன். ஒரு பூவை வெள்ளைத் தாள்மேல் தட்டுங்கள். நூல் துண்டு போல மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஓடும். வறண்ட அக்டோபர், நவம்பரில் இதுதான் அதிகம்.

ஓரங்கள் கீழ்நோக்கி, கவிழ்த்த படகுபோல் மடிந்து, கொழுந்து இலை குறுகி, தடித்து, பளபளவென்று இருந்தால் மஞ்சள் சிலந்தி. கண்ணுக்குத் தெரியாது; பத்து மடங்கு காட்டும் கண்ணாடி வேண்டும். சூடும் ஈரமும் சேர்ந்த மாதங்களில் பெருகும். இதை நோய் என்று நினைத்து உரம் கொட்டுபவர்கள் அதிகம்.

இலைப்பேனுக்கும் அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் வேப்ப எண்ணெய் போதும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் முதலில் பாத்திரம் கழுவும் திரவம் ஒன்றரை மில்லி, பிறகு வேப்ப எண்ணெய் ஐந்து மில்லி, பால்போல் கலங்கும்வரை குலுக்குங்கள். மாலை வெயில் இறங்கியபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். ஆறு நாளைக்கு ஒருமுறை, மூன்று தடவை. ஒரே தடவை தெளித்துவிட்டு "வேப்பெண்ணெய் வேலை செய்யவில்லை" என்பது சரியல்ல. முட்டைக்குள் இருப்பது அதில் சாகாது. பொரித்து வந்தபின்தான் சாகும். அதற்காகத்தான் மூன்று.

மஞ்சள் சிலந்திக்கு, கெட்டுப்போன கொழுந்துகளை ஒரு சாண் கத்தரித்துக் குப்பைப் பையில் கட்டிப் போட்டுவிட்டு, நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு இரண்டு கிராம் கலந்து தெளிக்கலாம். எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் தெளிக்காதீர்கள். 32 பாகைக்கு மேல் வெயில் இருக்கும் நாளிலும் வேண்டாம். இரண்டிலும் இலை கருகும்.

சுருளோடு இலையில் பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்து, செடி குறுகி நின்றால் நச்சுயிரி. மருந்தில்லை. வேரோடு எடுத்துப் போடுங்கள். ஒரு செடியைக் காப்பாற்ற ஆசைப்பட்டு ஐந்தை இழக்க வேண்டாம். புகை பிடிப்பவர், செடியைத் தொடும்முன் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். புகையிலையிலிருந்து ஒட்டிவரும் நச்சுயிரி மிளகாயையும் பிடிக்கும்.

பச்சையாக நின்ற செடி திடீரென்று ஒரே நாளில் தொங்கினால், மண்ணில் ஈரமும் இருந்தால், பாக்டீரியா வாடலைச் சந்தேகப்படுங்கள். அடித்தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளை நீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளை நூல்போல் இறங்கினால் அதுதான். அந்த மண் பல ஆண்டு கெட்டது. வேறு தொட்டிக்குக் கலக்காதீர்கள். கத்தியைக் கொதிநீரில் கழுவுங்கள். தக்காளி, கத்திரி, உருளைக்கிழங்கு இருந்த மண்ணில் மிளகாய் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். நான்கும் ஒரே குடும்பம், ஒரே நோய்.

பழுக்கும் காயில் வட்டமாகக் குழிந்த புள்ளியும், அதற்குள் வளையமும் விழுவது பழ அழுகல். தொடர்மழையில் வரும். மழை அறிவிப்பு வந்தால் பாதி நிறம் மாறிய காயை எல்லாம் பறித்துவிடுங்கள். வீட்டுக்குள் பழுத்துக்கொள்ளும்.

நத்தை, பறவை, பல்லி

இரவில் நாற்று அடியோடு காணாமல் போனால், ஊரில் "குர்பா" என்று சொல்லும் பெரிய நத்தைதான். மழை விட்ட இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குங்கள், கையுறை போட்டு. அதன் உடம்பில் மூளையைத் தாக்கும் புழு இருக்கக்கூடும். தொட்டியின் வெளிச்சுற்றில் செம்புப் பட்டை ஒட்டினால் ஏறாது.

செம்மீசைச் சின்னான் குருவி, இங்கே "கொந்தே", பழுத்த மிளகாயை ஒன்று விடாமல் தின்னும். அதற்குக் காரம் உறைக்காது. பாலூட்டிகளுக்குச் சூடு உணர்த்தும் நரம்பு வாசலைக் காரம் தூண்டுகிறது. பறவைகளுக்கு அந்த வாசல் காரத்துக்குத் திறப்பதில்லை. செடிக்கும் அது வசதி: பறவை விதையைக் கடிக்காமல் தூரத்தில் போடும். வேலியோரத்தில் நடாமல் முளைக்கும் ட்டி பிமா எல்லாம் அப்படி வந்ததுதான். வலை கட்டுவதென்றால் இறுக்கமாகக் கட்டுங்கள். தொளதொளவென்று தொங்கும் வலையில் பச்சைப் பல்லி மாட்டிச் சாகும். அது இந்தத் தீவுக்கே உரியது, பூச்சியையும் தின்னும். அதை இழக்கக் கூடாது.

புயல் வரும்போது

நவம்பரிலிருந்து மே நடுவரை புயல் காலம், ஜனவரி முதல் மார்ச் வரை உச்சம். முதல் எச்சரிக்கை அறிவித்ததும் வேலையைத் தொடங்குங்கள்; மூன்றாம் எச்சரிக்கைக்குப் பிறகு வெளியே நிற்கும் நேரமில்லை. முதிர்ந்த காய் அனைத்தையும் பறியுங்கள். உயரமான செடியை மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள். தொட்டிகளைக் கார் நிறுத்தும் இடத்துக்குள்ளோ, வடமேற்குச் சுவரடியிலோ நெருக்கி வைத்துக் கயிறு கட்டுங்கள்; காற்று திசை மாறும் என்பதால் உள்ளே வைப்பதே உறுதி. மாடித்தளத்தில் ஒன்றுகூட விடாதீர்கள். பறக்கும் தொட்டி அடுத்த வீட்டுக்காரரின் கண்ணாடியை மட்டுமா உடைக்கும்? ஓய்ந்ததும் முதல் வேலை, இலையை நல்ல நீரால் கழுவுவது. கடலோரக் காற்று உப்பை வாரி இறைத்திருக்கும்; வெயில் வந்தால் இலை கருகும். தட்டுகளில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். டெங்குக் கொசுவுக்கு அது போதும்.

ஆடி மாதத்துக்கும் இங்கே ஒரு வேலை உண்டு: வெட்டுவது. பழைய செடியைக் கடைசி வாரத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, மேல்மண் இரண்டு அங்குலத்தை மாற்றினால் அக்டோபரில் புதுத் துளிர் விட்டு, விதைத்த செடியைவிட ஒரு மாதம் முன்னே காய்க்கும்.

பறித்தலும் கையாளுதலும்

காரம் விதையில் இருப்பதாகவே பலர் நினைக்கிறார்கள். விதையைத் தாங்கி நிற்கும் வெள்ளைச் சவ்வில்தான் இருக்கிறது. விதை அதில் ஒட்டிக் கிடப்பதால் காரமாகிறது. காரம் குறைக்க வேண்டுமானால் சவ்வைச் சுரண்டுங்கள். அந்தக் காரப்பொருளான கேப்சைசின் நீரில் கரையாது; எண்ணெயிலும் கொழுப்பிலும் கரையும். கீழே சொல்வது எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருகிறது.

காயைக் கத்தரிக்கோலால் காம்போடு நறுக்குங்கள். இழுத்தால் கிளை முறியும். ட்டி பிமா நாலைந்தைக் கையாள வெறுங்கை போதும். கால் கிலோ நறுக்குவதென்றாலும், அபனேரோ ஒன்றே ஒன்று என்றாலும், நைட்ரில் கையுறை போடுங்கள். உணவு விற்பவர்கள் போடும் மெல்லிய பிளாஸ்டிக் உறை கிழியும். கண் வில்லை அணிபவர் வேலைக்கு முன்பே கழற்றி, மூக்குக் கண்ணாடிக்கு மாறுங்கள். எவ்வளவு கழுவினாலும் அன்றிரவு வில்லையைத் தொடும் விரலில் மிச்சம் இருக்கும். மரப்பலகை காரத்தை உறிஞ்சி அடுத்தநாள் பழத்துக்குக் கொடுக்கும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பலகை வைத்துக்கொள்ளுங்கள். "ரோஸ் காரி" எனும் அம்மிக்கல்லில் அரைத்தால், முடிந்ததும் ஒரு கைப்பிடி ஊறிய அரிசியைக் கல்லுப்போடு அரைத்துத் தள்ளிவிட்டுக் கழுவுங்கள்.

கை எரிந்தால் நீரில் காட்டிக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெயை நக இடுக்கு வரை ஒரு நிமிடம் தேயுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தால் குளிர்ந்த நீரில் இரண்டு தடவை கழுவுங்கள். எண்ணெய் காரத்தைக் கரைக்கும், சோப்பு எண்ணெயைக் கொண்டுபோகும். ஒன்றில்லாமல் மற்றது அரைகுறை. கழிப்பறைக்குப் போகும்முன்னும், குழந்தையைத் தூக்கும்முன்னும் இதைச் செய்யுங்கள்.

வாய் எரிந்தால் பால், தயிர், மோர். பாலிலுள்ள புரதம் காரத்தைப் பிடித்து இழுத்துப் போகும். தண்ணீர் அதை நாக்கு முழுக்கப் பரப்பும்.

கண்ணில் பட்டால் கசக்காதீர்கள். ஓடும் நல்ல நீரில் கண்ணைத் திறந்து வைத்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பால் ஊற்றக் கூடாது, கிருமி போகும். அரை மணிக்குப் பிறகும் எரிச்சல் தணியாவிட்டால், பார்வை மங்கினால், மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

மிக்சியில் அரைத்தால் ஐந்து நிமிடம் மூடியைத் திறக்க வேண்டாம். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு திறங்கள். காய்ந்த மிளகாய் வறுக்கும்போது சிறு தீயும் திறந்த சன்னலும் வேண்டும். கருகிய மிளகாயின் புகை ஆஸ்துமா உள்ளவரைத் திணறவைக்கும். அவரை முதலில் வெளியே அனுப்பிவிடுங்கள். முழு மிளகாயை எண்ணெயில் போடுமுன் கீறிவிடுங்கள், வெடிக்கும்.

போத்தலில் போடுதல்

பறித்த காயைக் கழுவாமல், ஈரம் துடைத்து, காகிதம் விரித்த டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் நிற்கும். உறைபெட்டியில் முழுசாகவே போடலாம். அரைப்பதற்கும் குழம்புக்கும் எடுத்த உடனே பயன்படும்.

மசாவாரு எனும் மிளகாய் விழுதுக்கு: சிவந்த ட்டி பிமா 250 கிராம், பூண்டு 25 கிராம், இஞ்சி 20 கிராம், உப்பு 15 கிராம், ஐந்து சதவீத வினிகர் 80 மில்லி, எண்ணெய் 80 மில்லி. காம்பை நீக்கிக் கழுவி நன்றாக உலரவிட்டு, எண்ணெய் தவிர எல்லாவற்றையும் கரகரப்பாக அரையுங்கள். எண்ணெயில் சிறு தீயில் பத்து நிமிடம் கிளறி, கொதிநீரில் பத்து நிமிடம் போட்டெடுத்த போத்தலில் நிரப்புங்கள். ஆறியதும் குளிர்பெட்டியில். நான்கு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அதிகமாகச் செய்தால் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைக்கலாம். காத்தோ பிமா எனும் பருப்பு வடைக்கும் தால் பூரிக்கும் ஒரு கட்டி போதும்.

வினிகரைக் குறைக்காதீர்கள். பச்சைப் பூண்டையும் மிளகாயையும் வெறும் எண்ணெயில் மூழ்கவைத்து அலமாரியில் வைப்பது ஆபத்து. மண்ணிலிருந்து வரும் பாட்டுலிசம் கிருமியின் வித்து, காற்று புகாத எண்ணெய்க்குள் வளர்ந்து நஞ்சு விடும். மணமும் மாறாது, ருசியும் மாறாது. புளிப்பும் குளிரும்தான் தடுப்பு.

முழு மிளகாயை வினிகரில் போட: 250 கிராம் காயை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி, போத்தலில் அடுக்கி, 250 மில்லி வினிகரில் 10 கிராம் உப்பு போட்டுக் கொதிக்கவைத்துச் சூடாக ஊற்றுங்கள். காய் எதுவும் மேலே மிதக்கக் கூடாது. இரண்டு வாரத்தில் ஊறும்.

உலர்த்துவது ஊரைப் பொறுத்தது. உப்பளம் போட்டு வெயிலில் உப்பு விளைவித்த தமரின் பக்கத்தில் மிளகாயும் மோர் மிளகாயும் ஜூன் முதல் நவம்பர் வரை நன்றாகக் காயும். க்யூர்பிப்பில் வெயிலை நம்பினால் நான்காம் நாள் பூசணம். அங்கே நீளவாட்டில் கீறி, அடுப்புப் பெட்டியில் 60 பாகையில், கதவை இரண்டு விரல் திறந்து வைத்து, எட்டு மணி நேரத்திலிருந்து சோதியுங்கள். ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம். ஒரு கிலோ பச்சை, கால் கிலோவுக்கும் குறைவாக வற்றும். உள்ளே சாம்பல் நிறம் தெரியும் மிளகாயை வெட்டிச் சரிசெய்ய முடியாது, எறிந்துவிடுங்கள்.

விதைக்கு, நோயில்லாத செடியில் இரண்டாம் அல்லது மூன்றாம் முறை காய்த்ததை எடுங்கள். பக்கத்தில் வேறு மிளகாய் இருந்தால், பூ விரியும்முன் அந்தக் கிளைக்கு மெல்லிய துணிப்பை கட்டிவிடுங்கள். இல்லையென்றால் தேனீ கலந்துவிடும், க்ரோ பிமா விதையில் அபனேரோ காரம் வந்து நிற்கும். முழுதும் சிவந்தபின் ஒரு வாரம் விட்டு, கையுறையோடு விதையை உதிர்த்து, நிழலில் ஏழு நாள் காயவையுங்கள். மடித்தால் உடைய வேண்டும். காகித உறையில் போட்டு, வறுத்து ஆறிய அரிசி இரண்டு கரண்டி இட்ட மூடின போத்தலுக்குள் வைத்தால் இரண்டு மூன்று ஆண்டு முளைக்கும். உறையின் மேல் மிளகாயின் பெயரோடு, காய்த்த ஊரையும், ஆவணிப் பட்டமா பங்குனிப் பட்டமா என்பதையும் எழுதிவையுங்கள்.